8:38-க்கு முடக்கிய சிம்: தொலைந்த ஒரு போனின் நிகழ்வு ஆய்வு

தொலைந்தது ஒரு செவிலியரின் போன். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனித்துக்கொள்ளும் ஒரு சிறிய அமைப்பில் அவர் வேலை பார்க்கிறார். அங்கே கணினி, இணையம் சம்பந்தமான வேலைகள் என் பொறுப்பு. அந்த மூன்று நாட்களில் என்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம், எது சரி, எது தவறு என்பதை அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் இடங்களையும் விட்டுவிட்டேன். நேரங்களை விடவில்லை, ஏனென்றால் இந்த நிகழ்வில் எல்லாமே நேரத்தில்தான் இருக்கிறது.

போனில் என்ன இருந்தது

இரண்டு ஆண்டு பழைய ஆண்ட்ராய்டு போன். நான்கு இலக்க பின் எண். அது அவருடைய மகன் பிறந்த ஆண்டு. வரும் குறுஞ்செய்திகள் லாக் திரையிலேயே முழுதாகத் தெரியும்படி வைத்திருந்தார். நோயாளியின் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது கையுறையைக் கழற்றாமல் செய்தியைப் படிக்க அதுதான் வசதி என்று சொன்னார். அந்தக் காரணத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

குடும்பப் படங்கள் தினமும் கூகுள் கணக்குக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தன. தொடர்பு எண்களும் அப்படியே. வாட்ஸ்அப் ஒவ்வொரு இரவும் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது. இவை போனாலும் திரும்பி வரும்.

திரும்பி வராதவை இரண்டு. ஒன்று, நோயாளிகளின் புண் படங்கள். படுக்கைப் புண், சர்க்கரை நோயால் வந்த கால் புண் இவற்றை வாரத்துக்கு இரண்டு முறை, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுப்பார். ஆறுகிறதா, பெரிதாகிறதா என்று மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். குடும்பப் படங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஆல்பத்துக்கு மட்டும் பேக்கப்பை அவரே நிறுத்தியிருந்தார். இரண்டாவது, ஒரு குறிப்புச் செயலி. எந்த வீட்டில் யார், மருந்து என்ன, கடைசியாகப் புண்ணின் நீள அகலம் எவ்வளவு என்பதோடு, கதவைத் திறக்க ஆள் இல்லாத வீடுகளில் சாவி எங்கே வைக்கப்பட்டிருக்கும் என்பதும் அதில் இருந்தது.

போன் அவருடையதுதான். ஆனால் உள்ளே இருந்தவற்றில் பாதி வேறு ஆட்களுடையது. இதை நான் முழுதாக உணர்ந்தது மறுநாள் காலையில்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சாவி பெட்டிக்குள்ளேயே

மாலை 6:40-க்குப் பேருந்திலிருந்து இறங்கினார். 6:55-க்கு அடுத்த நோயாளி வீட்டில் பையைத் திறந்தபோது போன் இல்லை. அந்த வீட்டுப் போனிலிருந்து மூன்று முறை அழைத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. 7:05-க்கு என்னை அழைத்தார்.

மணி அடிக்கிறது என்றால் போன் அணையவில்லை, சிம் உள்ளே இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. மூன்றும் நல்ல செய்தி. "பதறாதீங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல எங்க இருக்குன்னு பார்த்துடலாம்" என்று சொன்னேன். அந்த ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமானது.

ஆண்ட்ராய்டு போனைத் தேடும் சேவையை கூகுள் 2013-இல் ஆண்ட்ராய்டு டிவைஸ் மேனேஜர் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2017-இல் அது ஃபைண்ட் மை டிவைஸ் ஆனது, 2025-இல் ஃபைண்ட் ஹப். பெயர் எதுவானாலும் உள்ளே போக அந்த போனில் இருக்கும் கூகுள் கணக்கு வேண்டும். கடவுச்சொல் அவருக்கு நினைவிருந்தது. அதை என் கணினியில் போட்டவுடன் திரை சொன்னது: உங்கள் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம், அதில் 'ஆம்' என்று தட்டுங்கள். எந்த போன்? தொலைந்த போன். வேறு வழி உண்டா என்று கேட்டால், குறுஞ்செய்தியில் குறியீடு அனுப்புகிறேன் என்றது. எந்த எண்ணுக்கு? தொலைந்த போனில் இருக்கும் சிம்முக்கு. மூன்றாவது வழி, முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் எட்டு இலக்கக் குறியீடுகள். கூகுள் ஒரு நேரத்தில் பத்து தரும், ஒவ்வொன்றையும் ஒரு முறை பயன்படுத்தலாம். அவர் அதை எடுத்ததே இல்லை. இரண்டடுக்குப் பாதுகாப்பை அவர் கணக்கில் இயக்கிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அந்தப் பத்துக் குறியீடுகளையும் அச்சிட்டு அவர் கையில் கொடுத்திருக்க வேண்டியவனும் நான்தான்.

போன் எண்ணை மட்டும் கொடுத்துத் திரையைப் பூட்டும் வசதி ஒன்றை கூகுள் 2024-இல் அறிமுகப்படுத்தியது. கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிக்கும் இதே நிலைமைக்காக வந்தது அது. அதையும் முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சுலபம்: ஐக்ளவுட் தளத்தில் சாதனத்தைத் தேடும் பகுதிக்குள் போகக் கடவுச்சொல் போதும், இரண்டாவது குறியீட்டைக் கேட்காது. கேட்டால், அதுவும் தொலைந்த போனுக்குத்தானே போகும்.

வழி எங்கே கிடைத்தது என்றால், அவர் வீட்டில். அங்கிருந்த பழைய கணினியில் என்றோ ஒரு நாள் அதே கணக்கில் நுழைந்து, 'இந்தக் கருவியில் மீண்டும் கேட்க வேண்டாம்' என்று குறியிட்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் வீட்டுக்கு வந்து அதைத் திறந்தபோது மணி 7:45. நேராக உள்ளே போனது.

நகரும் புள்ளி

"மாமா, பச்சையா ஒரு புள்ளி நகருது" என்றான். பேட்டரி 31 சதவீதம். புள்ளி, அம்மா வந்த அதே பேருந்துத் தடத்தில், அவர் இறங்கிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போன் இருக்கையிலேயே கிடக்கிறது, அல்லது அதே பேருந்தில் போகும் ஒருவர் கையில் இருக்கிறது.

இந்த நேரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'ஒலி எழுப்பு' என்ற பொத்தான். அதைத் தொடாதே என்றேன். அழுத்தினால் போன் சைலண்டில் இருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அலறும். வீட்டுக்குள் தலையணைக்கு அடியில் கிடக்கும் போனுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஓடும் பேருந்தில், தேடும் சேவையிலிருந்து இன்னும் பூட்டாத நிலையில், அது ஊரைக் கூப்பிட்டு 'இங்கே ஒரு போன் கேட்பாரற்றுக் கிடக்கிறது' என்று சொல்வதாகிவிடும். பூட்டுவதுதான் முதல் வேலை.

7:50-க்குப் பூட்டினோம். பூட்டும்போது திரையில் ஒரு செய்தியும், திரும்ப அழைக்க ஒரு எண்ணும் வைக்கலாம். பையன் எழுதியது: "இது ஒரு செவிலியரின் போன், நோயாளிகளின் விவரங்கள் உள்ளன, தயவுசெய்து தாருங்கள்." மனம் இளகட்டும் என்று எழுதியிருக்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே விலை போகும் பொருள் இருக்கிறது என்று கதவில் எழுதி ஒட்டக் கூடாது. இப்படி மாற்றினோம்: "இந்த போன் தொலைந்துவிட்டது. கிடைத்தவர் கீழே உள்ள எண்ணுக்கு அழைக்கவும். எந்த நேரமானாலும் பரவாயில்லை. நன்றி." எண் மகனுடையது. பதற்றத்தில் தொலைந்த போனின் எண்ணையே அங்கே போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

7:58-க்குப் புள்ளி பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் நின்றது. அந்த நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தோம். ஒருவர் பொறுமையாகப் போய் இருக்கைகளைப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றார். 8:20-க்குப் புள்ளி அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, நெருக்கமாக வீடுகள் இருக்கும் ஒரு தெருவில் நின்றுவிட்டது. இப்போது ஒலி எழுப்பினோம். ஐந்து நிமிடமும் அடித்து ஓய்ந்தது. அழைப்பு எதுவும் வரவில்லை.

அவருடைய கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர் வட்டம் இருப்பதை அவருக்குக் காட்டினேன். திறந்த வானத்தின் கீழ் ஒரு போனின் ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டர் வரை துல்லியமாகச் சொல்லும். கூரைக்குள் போனதும் செயற்கைக்கோள் சிக்னல் மங்கிவிடும். சுற்றியுள்ள வைஃபை பெயர்களையும் செல் கோபுரங்களையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். அப்போது புள்ளியை நம்பக் கூடாது, வட்டத்தைத்தான் நம்ப வேண்டும். அந்த வட்டத்துக்குள் முப்பது வீடுகளாவது இருந்தன, சில மாடி வீடுகள் வேறு. மாடி எது என்று வரைபடம் சொல்லாது. இரவு எட்டரை மணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது? தட்டித் திறப்பவர் எப்படிப்பட்டவராக இருந்தால் என்ன செய்வது? அந்த வட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணோடு காவல் நிலையத்தில் கொடுப்பதுதான் செய்யக்கூடியது. அந்த எண் போன் வாங்கிய பெட்டியின் பக்கவாட்டில் அச்சாகியிருந்தது. பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அன்று உதவியது. பெட்டி இல்லாதவர்கள் போன் கையில் இருக்கும்போதே *#06# என்று அழுத்தி, வரும் எண்ணை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சிம்

இந்த நிகழ்வின் நடு முடிச்சு இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

8:38-க்கு, நான் மகனோடு பேசிக்கொண்டிருந்தபோது, கணவர் இன்னொரு போனில் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்கிவிட்டார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். போதாததற்கு இவருடைய லாக் திரையிலேயே செய்தி தெரியும்.

8:41-க்குப் புள்ளி சாம்பல் நிறமானது. 'கடைசியாகக் காணப்பட்டது' என்று நேரம் காட்டியது. அதன் பிறகு அது அசையவே இல்லை.

தேடும் சேவை, பூட்டும் கட்டளை, அழிக்கும் கட்டளை எல்லாமே இணையத்தின் வழியாகத்தான் போனைச் சென்றடைகின்றன. பழக்கமில்லாத வீட்டில் கிடக்கும் போனுக்கு வைஃபை கிடையாது; அதற்கு இருந்த ஒரே கயிறு சிம்மின் டேட்டா. சிம்மை முடக்கியபோது அந்தக் கயிற்றையும் அறுத்துவிட்டோம். இதில் இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. போனை யாரோ வேண்டுமென்றே அணைத்தார்களா, அல்லது நாங்கள் சிம்மை முடக்கியதால் அது பேச முடியாமல் போனதா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போய்விட்டது. கையில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பதற்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே தடயம் அது.

இணையம் இல்லாத போனையும், பக்கத்தில் போகும் மற்ற போன்கள் புளூடூத் மூலம் கண்டுகொண்டு இடத்தைச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறதே என்று கேட்கலாம். ஆப்பிள் அதை 2019-இல் கொண்டுவந்தது. 2021 முதல் அணைத்து வைத்த சில ஐபோன்களைக்கூட அப்படித் தேட முடிகிறது. கூகுளின் வலைப்பின்னல் 2024 ஏப்ரலில் தொடங்கியது. ஆனால் ஆண்ட்ராய்டில் நாம் எதையும் மாற்றாவிட்டால் அதில் இருக்கும் தேர்வு 'கூட்டமான இடங்களில் மட்டும்' என்பது. தனி வீடுகளில் இருப்பவர்களின் இருப்பிடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, பல போன்கள் ஒரே பொருளைக் கண்டால்தான் இடத்தைச் சொல்லும். அமைதியான ஒரு குடியிருப்புத் தெருவில் எங்களுக்கு எதுவும் வரவில்லை.

சரி, சிம்மை முடக்காமல் விட்டிருக்க வேண்டுமா? அப்படியும் சொல்ல மாட்டேன். சிம்முக்கென்றே ஒரு பின் எண் உண்டு, போனின் பின் எண்ணிலிருந்து வேறானது. அதைப் போட்டு வைத்திருந்தால், சிம்மை வேறு போனில் மாற்றியவுடன் அந்த எண்ணைக் கேட்கும். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே என்ற எட்டு இலக்கத் திறப்பு எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறவிட்டால் அந்த சிம் செத்துப்போகும். அந்தக் காவல் இருந்திருந்தால், லாக் திரையில் செய்திகளும் மறைந்திருந்தால், அழிக்கும் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது என்று உறுதி வரும்வரை சிம்மை உயிரோடு வைத்திருக்கலாம். (போனை அணைத்துப் போட்டாலும் சிம் பின் கேட்கும், அப்போது டேட்டா வராது. அந்தக் குறை உண்டு. ஆனாலும் நான் இப்போது எல்லோருக்கும் சிம் பின் போடச் சொல்கிறேன்.) அந்தக் காவல் இல்லாதபோது, முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லி, அழிப்பதா வேண்டாமா என்று பத்து நிமிடத்தில் முடிவெடுத்து, அதன் பிறகே சிம்மைத் தொட வேண்டும். எங்கள் வரிசை தலைகீழாகப் போய்விட்டது.

அழிப்பதா

ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மீதி இரண்டு நோயாளிகளையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

புண் படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று கேட்டேன்.

"மெமரி கார்டுலதான் அண்ணா. போன்ல இடம் இல்லைன்னு சொல்லிச்சு, அதான் மாத்திட்டேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் இதுதான். இன்றைய போன்களின் உள் நினைவகம் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டு 10 முதல் வெளிவரும் போன்களுக்கு அது கட்டாயம். அழிக்கும் கட்டளை வந்தால் போன் ஒவ்வொரு படமாகத் தேடிப்போய்த் துடைப்பதில்லை. ஃப்ளாஷ் நினைவகத்தில் ஒரே இடத்தில் மேலே எழுதி அழிப்பது நம்பகமானதும் இல்லை, தேய்மானத்தைப் பரப்புவதற்காகச் சில்லு எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மறையாக்கத்தின் சாவியை மட்டும் அழித்துவிடுகிறது. பெட்டகம் அப்படியே இருக்கும், திறக்கும் சாவி உலகத்திலேயே இருக்காது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதுவும் ஏற்கப்பட்ட அழிப்பு முறைகளில் ஒன்று.

ஆனால் மெமரி கார்டு அந்தப் பெட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. சாதாரணமாகப் போட்டுப் பயன்படுத்தும் கார்டில் மறையாக்கம் கிடையாது. ஊசியால் குத்தித் தட்டை வெளியே இழுத்து, கார்டை எந்தக் கணினியில் செருகினாலும் எல்லாப் படங்களும் திறக்கும். போனின் பின் எண் அங்கே காவல் நிற்காது. அழிக்கும் பொத்தானின் பக்கத்திலேயே, மெமரி கார்டு அழியாமல் போகலாம் என்று கூகுள் எழுதி வைத்திருக்கிறது. அதாவது எதை மறைக்க வேண்டுமென்று நாங்கள் துடித்தோமோ, அதன்மேல் எங்கள் இரண்டு ஆயுதங்களும் உறுதியாக வேலை செய்யாது. ஒருவேளை அழிந்தாலோ, பல வாரப் புண் பதிவுகள் போய்விடும்.

அப்புறம் குறிப்புச் செயலி. அது உள் நினைவகத்தில், மறையாக்கத்துக்குள் இருந்தது. ஆனால் பின் எண் மகன் பிறந்த ஆண்டு. தவறாகப் போடப் போட போன் காத்திருக்க வைக்கும் என்றாலும், ஒரு மனிதர் முதலில் முயலும் எண்களில் பிறந்த ஆண்டுகள் இருக்கும். அந்தக் குறிப்புகளில் வீட்டு முகவரியும் சாவி இருக்குமிடமும் இருந்தன.

இங்கே அவர்தான் வழி காட்டினார். "அண்ணா, அதை அழிக்க முடியுமோ முடியாதோ. சாவியை இடம் மாத்தச் சொல்லலாமே." தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் இருந்தன. கணினித் திரையில் அவற்றைப் பார்த்துப் பார்த்து, மகனின் போனிலிருந்து ஆறு வீடுகளுக்கு அழைத்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். அரை மணி நேரத்தில் ஆறு சாவிகளும் இடம் மாறின. போனுக்குள் இருந்த மிக ஆபத்தான தகவல், போனைத் தொடாமலேயே உதவாத தகவலாகிவிட்டது. எனக்கு இது தோன்றவே இல்லை. திரையிலேயே மூழ்கியிருந்தேன்.

மீதி இருந்தது முடிவு. அழிக்கும் கட்டளை திரும்பிப் பார்க்காத பயணம். அழிந்த பிறகு அந்த போன் தேடும் வரைபடத்தில் வராது. எனவே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இனிமேல் இருப்பிடம் தெரிவதால் நமக்கு ஏதாவது பயன் உண்டா என்பது. புள்ளி சாம்பலாகி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தெரிந்தாலும் கதவைத் தட்டப் போவதில்லை. படங்கள் போய்விடுமே என்று நான் இழுத்தேன்.

"போனா போகட்டும் அண்ணா. மறுபடி எடுத்துக்கலாம். அவங்க காலையும் முதுகையும் என்னை நம்பித்தானே காட்டினாங்க."

9:50-க்கு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தோம். போன் இணையத்தில் இல்லை, அடுத்த முறை இணையத்தில் வந்ததும் அழிக்கப்படும் என்று பதில் வந்தது. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினோம். சாதனங்கள் பட்டியலில் அந்த போனுக்குப் பக்கத்தில் 'வெளியேற்று' என்ற பொத்தான் இருந்தது, அதைத் தொடவில்லை. போனுக்கும் கணக்குக்கும் உள்ள தொடர்பை நாமே அறுத்துவிட்டால் காத்திருக்கும் கட்டளை எதைப் பற்றிக்கொண்டு போகும்? ஐபோனிலும் இதே எச்சரிக்கை உண்டு: அழித்த பிறகும் சாதனத்தைக் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது. நீக்கினால், உரியவரின் கடவுச்சொல் இல்லாமல் போனை இயக்க விடாத, 2013 முதல் இருக்கும் ஆக்டிவேஷன் லாக் விலகிவிடும், எடுத்தவர் அதைப் புது போனாகவே பயன்படுத்தலாம். அதனால்தான் 'உங்கள் போன் கிடைத்துவிட்டது, இங்கே தட்டிக் கடவுச்சொல்லைப் போடுங்கள்' என்று போலி இணைப்போடு குறுஞ்செய்திகள் வருகின்றன. திரையில் நாம் விட்ட எண்ணுக்கே வரும். மகனிடம் அன்றிரவே சொல்லி வைத்தேன்: அழைப்பு வந்தால் எடு, இணைப்பு வந்தால் தொடாதே.

அமைப்பின் பொறுப்பாளருக்கும் அன்றிரவே தெரிவித்தார். மறுநாள் அதே எண்ணில் புது சிம் வாங்கி, தற்காலிகமாக ஒரு போனில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தார். அப்படிச் செய்தவுடன் பழைய போனில் வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிடும். காவல் நிலையத்தில் புகார், வங்கிக் கணக்குக் கடவுச்சொற்கள் என்று அந்த நாள் கழிந்தது.

மூன்றாம் நாள்

காலை 10:15-க்கு மகனின் போனுக்கு ஓர் அழைப்பு. ஒரு பெண்ணின் குரல். தாத்தாவைப் பார்க்க வந்தேன், அலமாரியில் ஒரு போன் இருந்தது, சார்ஜ் போட்டுப் பார்த்தால் இந்த எண் தெரிகிறது என்றார்.

பெரியவர் அதைப் பேருந்தில் இருக்கையின் இடுக்கில் பார்த்திருக்கிறார். ஓட்டுநரிடம் கொடுக்க நினைத்துக் கூட்டத்தில் இறங்கிவிட்டார், அடுத்த நாள் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். நாங்கள் ஒலி எழுப்பியபோது எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து துணி சுற்றி வைத்திருக்கிறார். போன் மறுநாள் காலைவரை விளக்கோடு இருந்தது, பிறகுதான் அணைந்தது என்றும் சொன்னார்.

இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வேண்டியிருந்தது. 8:41-க்கு யாரும் போனை அணைக்கவில்லை. பேட்டரி தீரவில்லை. நாங்கள்தான் அதன் வாயை அடைத்தோம்.

இப்போது ஒரு விசித்திரமான நிலை. போன் நம் பக்கம் வந்துவிட்டது, ஆனால் அதைத் தேடி ஒரு அழிப்புக் கட்டளை காத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனால் பழகிய வைஃபை தானாகப் பற்றிக்கொள்ளும், அலுவலகத்துக்குப் போனாலும் அப்படியே. அடுத்த நொடி எல்லாம் போகும். வாங்கப் போகும்போதே சொன்னேன்: "கையில வாங்கினதும் ஏர்பிளேன் மோட்ல போட்டு அணைச்சிடுங்கம்மா. வீட்டுக்குப் போகாதீங்க. நேரா இங்க வாங்க." என் வீட்டு வைஃபையை அந்த போன் பார்த்ததே இல்லை.

மேசைமேல் வைத்து, முதலில் கார்டைக் கழற்றினோம். கார்டு ரீடரில் போட்டுக் கணினிக்கு நகல் எடுத்தோம். எல்லாப் படங்களும் இருந்தன. பிறகு ஏர்பிளேன் மோடிலேயே போனைத் திறந்து, குறிப்புகளை ஒவ்வொன்றாக அவர் வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். "இடது குதிகால், நீளம் மூணு புள்ளி ரெண்டு, அகலம் ரெண்டு, ஓரம் சிவப்பு குறைஞ்சிருக்கு." முக்கால் மணி நேரம் ஆனது. எண்களை வாசிக்கும்போது அவர் போனைப் பார்க்கவே இல்லை என்பதைப் பாதியில் கவனித்தேன். பெரும்பாலானவை அவருக்கு மனப்பாடம்.

எல்லாம் முடிந்ததும் என் வைஃபையில் இணைத்தேன். இரண்டு நாள் வேறு கையில் இருந்த போன், அழிந்துவிடுவதே நல்லது என்றுதான் இருவருக்கும் தோன்றியது. சற்று நேரத்தில் திரை கறுத்தது. மீண்டும் எழுந்து, மொழியைத் தேர்ந்தெடு என்றது. போனைப் புதிதாக அமைக்கும்போது நடுவில், முன்பிருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. களவு போன போனைத் துடைத்து விற்பதைத் தடுக்க, 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து இந்தக் காவல் இருக்கிறது.

எது காப்பாற்றியது

இந்த நிகழ்வைக் கேட்ட ஒருவர், சிம்மை முடக்கியதால்தான் அழிப்புக் கட்டளை போய்ச் சேரவில்லை, அதனால்தான் படங்கள் பிழைத்தன, அப்படியானால் அவர் கணவர் செய்ததுதான் சரி என்றார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பலன் நன்றாக அமைந்தது, அதற்குக் காரணம் பெரியவர் நேர்மையானவர். அந்த இடத்தில் கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் இருந்திருந்தால், சிம் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டளையும் வந்து சேராத நிம்மதியில், பின் எண்ணை எத்தனை நாள் வேண்டுமானாலும் முயன்றிருப்பார். ஒரு சின்ன ஆறுதல், பேட்டரி தீர்ந்து அணைந்து மீண்டும் எழுந்த போனில், முதல் முறை பின் எண்ணைச் சரியாகப் போடும்வரை உள்ளே இருக்கும் தரவுகளின் மறையாக்கம் திறக்காது.

கார்டை யாராவது நடுவில் எடுத்துப் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றுதான் நம்புகிறோம். அதற்குச் சாட்சி இல்லை. கார்டு பார்வையிடப்பட்ட தடம் எதையும் வைத்திருக்காது. அதனால் நோயாளிகளிடம் சொல்லாமல் விட வழியில்லை என்று அவர் முடிவு செய்தார். போன் கிடைத்துவிட்டதே, எதற்கு அவர்களைக் கலவரப்படுத்த வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போனில் இப்போது மெமரி கார்டு இல்லை. புண் படங்கள் தனிக் கணக்கு ஒன்றுக்கு, குடும்பப் படங்களோடு சேராமல், அன்றன்றே போகின்றன. பின் எண் ஆறு இலக்கம், யாருடைய பிறந்த ஆண்டும் இல்லை. சிம்முக்குப் பின் எண் இருக்கிறது. பத்துக் குறியீடுகள் அச்சிட்ட தாள் ஒன்று அவர் வீட்டிலும், ஒட்டிய உறையில் இன்னொன்று பொறுப்பாளரின் பெட்டியிலும் இருக்கிறது. சாவி இருக்குமிடங்களை எங்குமே எழுதுவதில்லை.

ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னபோது யாரும் கோபப்படவில்லை என்றார். ஒரு அம்மா மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப என் கால் படம் திரும்பக் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், காட்டச் சொல்லியிருக்கிறார். முதல் வாரப் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். அந்த அம்மா அளவுகோலின் கோடுகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, பாதியாயிடுச்சே என்றாராம்.